வியாழன், பத்து இருபது

என் பெயரைக் கேட்பதற்கு முன்னால்
தொலைபேசியில் அந்தப் பெண் கேட்டாள்:
"அரசுக் காப்பீடா, தனியாரா?"
அரசு என்றேன்.
நவம்பர் பதினெட்டு என்றாள்.
அப்போது ஏப்ரல்.
பீலஃபெல்ட் வீதியெங்கும் செர்ரி மரங்கள்
எந்தச் சந்தாவும் கட்டாமல் பூத்துக்கிடந்தன.

அடுத்து அதே எண்ணை ஓர்ட்வின் அழைத்தான்.
அதே பெண், அதே எலும்பு மருத்துவர்,
கூடத்தில் அதே நீல நாற்காலிகள்.
தனியார் என்றான்.
அவள் குரலில் சட்டென்று ஒரு மேசைவிரிப்பு விரிந்தது.
"வியாழக்கிழமை பத்து இருபது
உங்களுக்கு வசதிப்படுமா, ஐயா?"

வசதிப்படுமாம்.
நாற்பத்தோரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள்.
எனக்கு வலது முழங்கால்,
அவனுக்கு இரண்டும்.
ஊரில் பாதிக் குளியலறைகளுக்கு
மண்டியிட்டு ஓடு பதித்த கால்கள் அவை.

முப்பத்திமூன்று வயதில் கையெழுத்துப் போட்டான்.
சொந்தத் தொழில், நல்ல வரும்படி,
இருமல்கூட வராத உடம்பு.
முகவர் ஒரு தொகையை எழுதி
அதைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினாராம்.
மாதம் இவ்வளவுதான்.
அந்த வட்டத்துக்கு வயது ஏற ஏற
இடுப்பு பெருத்துக்கொண்டே போகிறது.
வருடக் கடைசியில் வரும் கடிதத்தை
நான்தான் பிரிக்க வேண்டும்.
அவன் அடுப்படியில் எதையோ தேடிக்கொண்டிருப்பான்.

நான் டிராம் பணிமனையில் கணக்கெழுதினேன்.
என்னைத் தேடி எந்த முகவரும் வரவில்லை.
சம்பளத்தில் பிடித்தார்கள், இப்போது ஓய்வூதியத்தில்.
என் வரவு இளைத்தால் என் சந்தாவும் இளைக்கும்.
அவனுடையதோ
அவன் பணப்பையை எட்டியும் பார்ப்பதில்லை.

திரும்பி வந்துவிடேன் என்று ஒருநாள் சொன்னேன்.
ஐம்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு
இந்தப் பக்கம் அநேகமாகக் கதவில்லை.
ஐம்பத்தாறில்தான் அவன் கதவைத் தேடினான்.

வியாழனுக்கு முந்தின இரவு
கணக்குப் பொறியோடு உட்கார்ந்தான்.
வருடத்தில் முதல் ஆயிரத்து இருநூறு யூரோ
அவன் கையிலிருந்து போக வேண்டும்.
பழைய ரசீது ஒன்றை விரித்தான்:
ஆலோசனை, தனி.
பரிசோதனை, தனி.
ஊசி, தனி.
ஊசிக்குள் இருந்தது, அதுவும் தனி.
"வணக்கம் சொன்னதற்கு விட்டுவிட்டார்களே" என்றேன்.
சிரிக்கவில்லை.
வலி ஒன்றும் அவ்வளவு இல்லை என்றான்.
மாடிப்படியில் அவன் ஏறும் சத்தம் எனக்குத் தெரியாதா?

காலையில் அழைத்து வேண்டாமென்று சொல்லிவிட்டான்.
அவன் வைத்த சூட்டோடு நான் அழைத்தேன்.
"பத்து இருபது காலியாமே,
அதில் நான் வரலாமா?"
விசைப்பலகையைத் தட்டும் ஓசை.
கொஞ்சம் மௌனம்.
"மன்னியுங்கள், அம்மா.
அது தனியார் நேரம்."

ஆக, அந்த வியாழன் பத்து இருபதுக்கு
நீல நாற்காலியில் யாரும் இல்லை.
போக முடிந்தவன் போகவில்லை,
போக நினைத்தவளுக்கு வழியில்லை.
மருத்துவர் ஜன்னலோரம் நின்று
காப்பி குடித்திருப்பார்.
குடிக்கட்டும், அவருக்கும் கால் வலிக்கும்.

நாங்கள் மருந்துக்கடைக்கு நடந்தோம்,
அவன் என் இடப்பக்கம் சாய,
நான் அவன் வலப்பக்கம் சாய.
ஒரு களிம்பு, எட்டு யூரோ தொண்ணூறு.
இதை அரசும் தராது, தனியாரும் தராது.
மூன்று முழங்காலுக்கு ஒரு குழாய்.
ரசீதை மட்டும் அவன் விடவில்லை,
ஓட்டை போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டான்.

நவம்பரில் துணைக்கு வருகிறானாம்.
வந்து வெளியே உட்கார்ந்திருப்பானாம்.
நான் உள்ளே போய்
என் காலைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு,
கதவருகே வந்ததும் நினைவு வந்தவள்போல,
எனக்குத் தெரிந்த ஒருவருக்கு
இரண்டு காலும், டாக்டர்,
படியேறும்போது ஒரு சத்தம் வருகிறது,
என்று கேட்க வேண்டுமாம்.

ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
"எனக்குத் தெரிந்த ஒருவர்" என்கிற இடத்தில்
எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.
இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே, பழகிவிடும் என்கிறான்.